கொல்லைப்புறக் கேள்விகள்: சந்தையில் வாங்கிய சேவல்

சென்ற முறை இப்பகுதியில் வாத்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதினாலும் எழுதினேன், தபால்காரரிடம் எனக்கிருந்த மதிப்பு உயர்ந்துவிட்டது. கடிதங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட விலாசத்துக்கே வருகின்றன. ஆசிரியர் அறையில் என் மேஜைமீது அரைப் பரீட்சை விடைத்தாள்கள் ஒரு கட்டாகவும், கோழிக் கடிதங்கள் ஒரு கட்டாகவும் கிடப்பதைப் பார்த்த கணித உபாத்தியாயர், "எந்தக் கட்டுக்கு ஐயா முதலில் மார்க்குப் போடுவீர்?" என்று கேட்டார். கோழிக் கட்டுக்குத்தான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். விடைத்தாள்களில் என்ன இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். கடிதங்களில் வரும் கேள்விகளிலோ பாதிக்கு நான் புத்தகத்தைப் புரட்டவேண்டியிருக்கிறது.

அக்கடிதங்களை ஒருசேரப் படித்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. எல்லாரும் நாலு நாட்டுக் கோழிகளோடுதான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு குழந்தை ஆசைப்பட்டதென்று இரண்டு வாத்து வருகிறது. பாம்பைக் கண்டால் கத்தும் என்று யாரோ சொன்னதன்பேரில் ஒரு ஜோடி கினிக்கோழி வருகிறது. ஊரை விட்டுப் போகும் நண்பர், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வான்கோழியைக் கட்டிவிட்டுப் போகிறார். ஒரு வருஷத்துக்குள் கொல்லைப்புறம் சத்திரமாகிவிடுகிறது. ஒரே ஜாதிக் கோழியை வளர்ப்பது ஒரு தொழில் என்றால், பல ஜாதிப் பறவைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது கூட்டுக் குடித்தனம். அங்கே ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் தும்மினால் இன்னொருவர் படுத்துக்கொள்கிறார்.

"சேவல் இல்லாத வீட்டில் கோழி முட்டையிடுமா? இட்டால் அது சைவந்தானா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். முதற் கேள்விக்குப் பதில் சுலபம். தாராளமாக இடும். முட்டையிடுவதற்குப் பெட்டைக்குச் சேவலின் உதவி வேண்டியதில்லை. குஞ்சு பொரிப்பதற்குத்தான் வேண்டும். கடைகளில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் பண்ணை முட்டைகள், சேவலின் முகத்தையே பார்த்திராத கோழிகள் இட்டவை. ஆனால் நேற்றுச் சேவலை விற்றுவிட்டோம், இன்று முதல் வருவதெல்லாம் கருவில்லாத முட்டை என்று எண்ணிவிடக் கூடாது. சேவலைப் பிரிந்த பின்னும் ஏறக்குறைய மூன்று வாரம் வரையில் கருவுள்ள முட்டை வரக்கூடும். இரண்டாவது கேள்வி என் வீட்டிலேயே இன்னும் தீர்ப்பாகவில்லை. என் தாயார் ஒரு கட்சி. என் மனைவி ஒரு கட்சி. நான் நடுநிலைமை வகித்து இரு கட்சியாரின் அதிருப்தியையும் சம்பாதித்திருக்கிறேன். ஆகவே அதைச் சகோதரியின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

குஞ்சு வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வாத்தில் ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண். இந்தக் கணக்கை வாத்து விஷயத்தில் அலட்சியம் செய்யாதீர்கள். தன் ஜாதிப் பெட்டை போதாத ஆண் வாத்து, கோழிகளைத் துரத்த ஆரம்பிக்கும். அதனால் கோழிக்கு உட்காயம் உண்டாகி இறந்துபோவதும் உண்டு. அப்படிப்பட்ட வாத்தைத் தனியே அடைப்பதைத் தவிர வேறு புத்திமதி பலிப்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர் மிகுந்த மனவருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அடைக் கோழி ஒன்றின் கீழ் 6 கோழி முட்டைகளையும் 5 வாத்து முட்டைகளையும் ஒரே நாளில் வைத்தாராம். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும்கூட மறக்காமல் வைத்தாராம். கோழிக் குஞ்சுகள் ஆறும் வெளிவந்தன. வாத்து முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. "விற்றவன் கூமுட்டையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்று அவர் தீர்மானித்திருக்கிறார்.

விற்றவர்மீது பழி சுமத்துவதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். கோழி முட்டை பொரிக்க 21 நாள்; வாத்து முட்டைக்கு 28 நாள். 21-ஆம் நாள் குஞ்சுகள் வெளிவந்ததும் தாய்க் கோழிக்கு அடைப் புத்தி போய்த் தாய்ப் புத்தி வந்துவிடுகிறது. குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இரை தேடப் புறப்பட்டுவிடுகிறது. இன்னும் ஒரு வாரம் சூடு வேண்டியிருந்த வாத்து முட்டைகள் கூட்டிலேயே ஆறிப்போய், உள்ளே இருந்த குஞ்சுகள் மடிந்துவிடுகின்றன. அன்பர் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே அலகும் காலும் உருவான குஞ்சைக் கண்டிருப்பார். இனி இரண்டையும் சேர்த்து வைப்பதானால் வாத்து முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையை வைக்கவேண்டும். அதைவிட நல்லது ஒரு கோழிக்கு ஒரு ஜாதி முட்டை என்று வைத்துக்கொள்வது. நாட்டுக் கோழியின் வயிற்றடியில் அதன் முட்டை பத்துப் பன்னிரண்டு அடங்கும். வாத்து முட்டை ஏழெட்டுக்கு மேல் அடங்காது. வான்கோழி முட்டைக்கும் 28 நாள்; கினிக்கோழிக்கு 26 முதல் 28 வரை. ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச்சு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலச் செந்நரம்புகள் ஓடினால் கரு உண்டு. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் அதுதான் கூமுட்டை. இரும்பும் கரியும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றால் யாதொரு கெடுதலுமில்லை.

வாத்துக் குஞ்சுகளைக் கோழி வளர்க்கும் வேடிக்கையைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். குஞ்சுகள் வாய்க்காலைக் கண்டதும் இறங்கிவிடும். தாய் கரையில் நின்று கேறிக்கேறித் தொண்டை வறண்டுபோகும். தாய் பயப்படுவதில் ஒருவகையில் நியாயமும் இருக்கிறது. இறகு முளைக்காத குஞ்சுகள் வெகுநேரம் நனைந்தால் குளிர் தாக்கி மடியும். முதற் சில வாரங்களில் தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான சட்டி போதும், நீச்சல் வேண்டாம். அந்தச் சட்டியையும் கோழிகள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, ஜலம் வழிந்தோடும் சரிவில் வையுங்கள். வாத்து குடிப்பதைவிடச் சிந்துவது அதிகம். அந்த ஈரத்தில்தான் கோழிக் குஞ்சுகளைக் கொல்லும் ரத்தக் கழிச்சலின் கிருமி செழித்து வளர்கிறது. வாத்து வந்த பிறகு எங்கள் வீட்டுக் கோழிக் குஞ்சுகளுக்கு ஆயுசு குறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த ஈரந்தான் காரணமாக இருக்கவேண்டும்.

வான்கோழிக் குஞ்சுகள் இரண்டு மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்து, கந்தகம்போல் மஞ்சளாகக் கழிந்து இறந்துபோவதாகச் சேலம் ஜில்லாவிலிருந்து ஓர் அன்பர் எழுதுகிறார். பத்து வருஷமாகக் கோழி மேய்ந்த தோட்டத்திலேயே அவற்றையும் விட்டிருக்கிறார். ஆகாரம் நொய்யும் கடலைப் பிண்ணாக்கும். பிண்ணாக்கு ஐப்பசி மழையில் சிறிது நனைந்துவிட்டதாம். ஆனால் "உலர்த்திவிட்டோம், கோழிகள் நன்றாகவே தின்கின்றன" என்கிறார்.

இதில் இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. முதலாவது, கோழியின் குடலில் இருக்கும் ஒருவகைப் புழு. அந்தப் புழுவின் முட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. அது எச்சத்தோடு மண்ணில் விழுந்து வெகு காலம் கிடக்கும். அந்த மண்ணைக் கிளறும் வான்கோழியின் வயிற்றில் போனதும் ஈரலைப் புண்ணாக்கிவிடும். ஆகையால் வான்கோழியையும் கோழியையும் ஒரே மண்ணில் வளர்க்கக் கூடாது என்பது அனுபவஸ்தர்கள் எல்லாரும் சொல்லும் விதி. இரண்டும் வேண்டுமென்றால் கோழி மேயாத தனித் தரை வேண்டும்; அல்லது குஞ்சுகளையாவது தரைக்குமேல் சட்டமிட்ட கம்பிவலைத் தட்டில் வைத்து வளர்க்கவேண்டும்.

இரண்டாவது சந்தேகம் அந்தப் பிண்ணாக்கு. 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் விளங்காமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் பல மடிந்தன. காரணம் தெரியாததால் அந்த வியாதிக்கு, கணிதத்தில் போடுவதுபோல, 'எக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேஸில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூத்த ஒரு பூஞ்சைக் காளான்தான் அந்த 'எக்ஸ்' என்று தெரியவந்தது. அது சுரக்கும் விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். வாத்துக் குஞ்சும் வான்கோழிக் குஞ்சும் அதை அணுவளவும் தாங்கமாட்டா. கோழி ஓரளவு தாங்கும். "கோழிகள் நன்றாகவே தின்கின்றன" என்பது ஆகவே ஒரு சமாதானமாகாது. பூஞ்சையை வெயில் கொன்றாலும் விஷம் போகாது. நனைந்த பிண்ணாக்கை மாட்டுக்கும் போடாமல் அழித்துவிடுங்கள். இரண்டு காரணங்களில் எது உங்கள் குஞ்சுகளைக் கொன்றது என்பதைக் கடிதத்தைக் கொண்டு சொல்ல இயலாது. அடுத்து ஒன்று இறந்தால் தாமதமில்லாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரலைப் பார்த்தால் வைத்தியருக்குத் தெரிந்துவிடும்.

ஆகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் மேலும் ஒரு வார்த்தை. முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து ஏராளமாக வேண்டும். வளரும் குஞ்சுக்கு அது அதிகமானால் சிறுநீரகம் கெடும். எல்லாருக்கும் ஒரே தீவனத்தைக் கொட்டுகிற கலப்புக் கொல்லையில் இது ஒரு தர்மசங்கடம். கிளிஞ்சலை இடித்து ஒரு தனிச் சட்டியில் வைத்துவிட்டால் தேவைப்பட்டது தானே தேடிப்போய்த் தின்னும். ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு முதலிய உப்பு மிகுந்த மிச்சங்களை மட்டும் போடாதீர்கள். உப்பு குஞ்சுகளுக்கு யமன்.

இனி, இந்த வாரம் நான் முதலிலேயே படித்துக் கடைசிக்கு வைத்திருந்த கடிதம். ஒரு சகோதரி எழுதியது. நாலு பக்கம். அதன் சாரத்தை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்:

"சந்தையில் இரண்டு பெட்டை வாங்கிவந்து எங்கள் கோழிகளோடு விட்டோம். ஆறாம் நாள் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. ஒன்பது நாளில் 17 கோழிகளில் 14 போய்விட்டன. மூன்று மிச்சம். வாத்து நாலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கின்றன. கண் பட்டுவிட்டது என்கிறார்கள். மிச்சமுள்ள மூன்றையும் சாவதற்குமுன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிடு, கைக்கு வந்த மட்டும் லாபம் என்கிறார்கள். கல்லூரி விடுதியில் இருக்கும் என் பெண்ணின் செலவில் ஒரு பகுதியை முட்டைக் காசில்தான் சமாளித்து வந்தேன். விற்கலாமா?"

விற்கவேண்டாம், அம்மா. ஒன்றையும் விற்கவேண்டாம். காரணத்தைச் சொல்லுவதற்கு நான் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் ஒரு சந்தைக்குப் போனேன். செங்கருமை நிறமும் அரிவாள்போல் வளைந்த வாலுமாக ஒரு சேவல் நின்றது. விற்றவர் கேட்ட விலை மிகவும் குறைவு. பட்டதாரியாயிற்றே, அந்தக் குறைந்த விலையிலேயே சந்தேகம் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. பேரம் பேசி மேலும் குறைத்துவிட்ட பெருமையில் வீட்டுக்கு வந்தேன். அன்று மாலையே மற்றவற்றோடு பஞ்சாரத்தில் கவிழ்த்தேன். பத்து நாளைக்குள் எங்களுடைய 23 கோழிகளில் 19 போயின. சேவல் முதலில் போயிற்று. அது வந்த வீட்டில் வியாதி கண்டிருந்தது, சாவதற்குமுன் கைக்கு வந்தது லாபம் என்று சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்குச் சொன்ன அதே புத்திமதியை அவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கோழிகளோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு பாட்டி இருக்கிறாள். தனிக்கட்டை. ஏழு கோழிகள் வைத்து, முட்டையைத் தெருவில் விற்றுக் காலந்தள்ளுகிறவள். வேலி மனிதருக்குத்தான் வேலி; கோழிக்கு அல்ல. அவளுடைய ஏழும் நாலு நாளில் போய்விட்டன. அவள் வந்து என் வாசலில் நின்று, "அந்தச் சேவலை எங்கே வாங்கினீங்க, வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள். நான் ஏழு கோழிக்கும் விலை கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு, "செத்ததுக்குக் கொடுத்திட்டீங்க. அடையிலே பதினோரு முட்டை இருந்ததே, அதுக்கு யார் கணக்கு?" என்றாள். வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்ன நான், அந்தக் கணக்குக்கு விடை தெரியாமல் நின்றேன்.

சகோதரி எழுதியிருக்கும் குறிகள் வெள்ளைக் கழிச்சலின் குறிகள். 1927-இல் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் என்ற ஊரில் நம் தேசத்தில் இது கண்டறியப்பட்டது. ஆகையால் ராணிகேத் வியாதி என்றும் பெயர். அதற்கு முந்தின வருஷந்தான் இங்கிலாந்தில் நியூகாஸில் என்னும் ஊரில் கண்டிருந்தார்கள். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஊற்றுவதால் நம் மனத்துக்கு ஆறுதல் ஏற்படலாம், கோழிக்கு ஏற்படாது. வாத்துகள் சுகமாக இருப்பதைக் கண்டு சமாதானமடைய வேண்டாம். இந்தக் கிருமி வாத்தின் உடம்பில் நுழைந்தாலும் அநேகமாக வாத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதன் எச்சத்தில் வெளிவந்து அடுத்த கோழிக்காகக் காத்திருக்கும். நோயாளியைப் போலத் தோன்றாத நோயாளிதான் கூட்டுக் குடித்தனத்தில் அபாயமானவன்.

அதற்குமுன் அவசியமான மற்றொன்று. இத்தனை கோழிகள் இவ்வளவு சீக்கிரம் மடிந்தால், அது வெள்ளைக் கழிச்சல் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. 2006-இல் மகாராஷ்டிரத்தில் நவாப்பூர் என்ற இடத்தில் நம் தேசத்தில் முதன்முதலாகக் கண்ட பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கும். அதிலும் வாத்து தப்பிப் பிழைத்துக் கோழி மடிவதுண்டு. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. எனவே இன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். வேண்டியிருந்தால் அவர்கள் மாதிரி எடுத்துப் போபாலிலுள்ள ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பச் செய்வார்கள். அவர்கள் வரும்வரையில் செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். பிறகு அவர்கள் சொல்கிறபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

மிச்சமுள்ள மூன்றையும் வாத்துகளையும் அடைத்து வையுங்கள். முட்டையை விற்கவேண்டாம், அடைக்கும் வைக்கவேண்டாம். வைத்தியர் சந்தேகம் தெளிந்த பின் நன்றாக வேகவைத்து வீட்டில் உபயோகிக்கலாம். உங்கள் செருப்பு, முட்டைத் தட்டு, தீவனச் சாக்கு ஆகியவை கோழியைப் போலவே வியாதியைச் சுமந்து செல்லும். கொஞ்ச காலத்துக்கு அண்டை வீட்டுக் கோழிக்கூட்டின் பக்கம் போகாதிருப்பதும், அவர்களை உங்கள் கொல்லைக்கு வரவிடாதிருப்பதும் நல்லது. வெட்கப்படாமல் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் பாட்டியிடம் நாலு நாள் தாமதித்துச் சொன்னேன்.

கூண்டைச் சுரண்டிக் கழுவி, வெள்ளையடித்து, வெயில் நன்றாகப் படும்படி இரண்டு மாதம் காலியாக விடுங்கள். அந்த இரண்டு மாத வருமானம் நஷ்டமாகும் என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை. அவசரப்பட்டுப் பதினைந்தாம் நாள் புதுக் கோழி வாங்கினால் அந்தப் பணமும் சேர்ந்து குழிக்குத்தான் போகும்.

மறுபடி ஆரம்பிக்கும்போது பத்துக் குஞ்சோடு ஆரம்பியுங்கள். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. நாலாம் வாரத்தில் மீண்டும் ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. இந்த ஊசி மருந்தின் வித்து 1940-களில், அதே குமாவுன் மலையில் முக்தேசுவரத்திலிருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் உண்டானது. வியாதிக்குப் பெயர் கொடுத்த மலையே காப்பையும் கொடுத்திருக்கிறது. அது வீரியமுள்ள மருந்து. சிறு குஞ்சுக்குப் போட்டால் அதுவே வியாதியாகிவிடும். எனவே சொட்டையும் ஊசியையும் மாற்றிவிடக் கூடாது. மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் காலை அல்லது மாலைக் குளிர்ச்சியில் போட்டு முடிக்கவேண்டும். வெயிலில் பையில் கிடந்த மருந்து வெறும் தண்ணீர். வியாதி வந்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதிலும் பிரயோஜனமில்லை. உடம்பில் காப்பு ஏற்பட இரண்டு வாரமாவது ஆகும். ஆகையால் இந்த வியாதி மிகுந்து காணும் கோடைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடைத் துறையார் கொல்லைக் கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடும் முகாம்கள் நடத்துகிறார்கள். தேதியை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்தப் பறவை வந்தாலும், இனாமாக வந்தாலும், மாமியார் வீட்டுச் சீராக வந்தாலும், முப்பது நாள் தனியே இருக்கட்டும். காற்று எதிர்ப்பக்கம் போகிற மூலையில், தனிச் சட்டி, தனித் தண்ணீர். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில்தான் புதியதற்கு வைக்கவேண்டும்; கை கால் கழுவாமல் திரும்பக் கூடாது. முப்பது நாளும் சுகமாயிருந்தால், பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு, உள்ளே விடுங்கள். ஒற்றையாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் கொத்தும் அடியும் பங்கிட்டுப் போகும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு. நார்வே தேசத்து ஷெல்டரப்-எப்பே என்பவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து பார்த்து, பெரியவரானபின் 1922-இல் இந்த வரிசையைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஜூன் மாதத்தில் புதுப் பையன் ஒருவன் வகுப்பில் வந்து கடைசிப் பெஞ்சியில் உட்காரும்போது எனக்கு அவருடைய ஞாபகம் வரும்.

பாட்டியின் கணக்குக்கு நான் கடைசியில் கண்ட விடை, பதினோரு குஞ்சுகள். அவற்றுக்கு முதற் சொட்டு மருந்தை நானே அவள் கொல்லையில் உட்கார்ந்து விட்டேன். இப்போது அவளிடம் இருபதுக்குமேல் கோழிகள் இருக்கின்றன. முகாம் நடக்கும் நாளில் எனக்கு முன்னால் கூடையோடு போய் நிற்கிறாள். சென்ற மாதம் 12-ஆந் தேதி நான் ஒரு ஜோடி கினிக்கோழி வாங்கி வந்தேன். சைக்கிளிலிருந்து இறக்குவதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து தலையை நீட்டி, "எத்தனை நாளைக்குத் தனியாக் கட்டப் போறீங்க?" என்றாள். முப்பது நாள் என்றேன். கினிக்கோழிகள் பகலெல்லாம் தெருவே அதிரும்படி கத்துகின்றன. என் மனைவி அவற்றைச் சீக்கிரம் மற்றவற்றோடு விட்டால் சத்தம் குறையும் என்று அபிப்பிராயப்படுகிறாள். நான் சிறிது தளர்ந்துதான் போயிருந்தேன். இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:

"இன்னிக்குப் பத்தொன்பது, வாத்தியாரே!"